முட்டை நின்னு போன கோழிகளும் நான் அவசரப்பட்டு எடுத்த முதல் முடிவும்

சாம்பலிய அறுத்து வயித்த திறந்தப்ப உள்ள கொத்தா மஞ்சக்கரு இருந்துச்சு. கடுகு சைஸ்ல ஆரம்பிச்சு பட்டாணி, கோலிக்குண்டு, அப்புறம் கிட்டத்தட்ட முழுசா வளர்ந்த ஒரு கரு வரைக்கும் வரிசையா, திராட்சைக் கொத்து மாதிரி. இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா முட்டை போட ஆரம்பிச்சிருக்கும். மூணு மாசமா முட்டை இல்ல, தண்டத்துக்கு தீவனம் தின்னுட்டு இருக்குன்னு நானே முடிவு பண்ணி அறுத்த கோழி அது. கையில ரத்தத்தோட அந்தக் கொத்தையே பாத்துட்டு நின்னுட்டு இருந்தேன், எங்கம்மா வந்து எட்டிப் பாத்துட்டு "இறகு உதிர்ந்து முளைச்ச கோழிடா இது, திரும்ப முட்டைக்கு வந்துட்டு இருந்திருக்கு, என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா"ன்னாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு.

அதனால இத எழுதறேன். வயசான கோழிய என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கவங்க, நான் பண்ண மாதிரி மொத வேலையா கத்திய தேடாதீங்க. கடைசியில அறுக்கறதுதான் முடிவுன்னாலும் அது தப்புன்னு நான் சொல்ல வரல, எந்தக் கோழிய, எப்ப, ஏன்னு தெரிஞ்சு பண்ணணும், அதுதான்.

எங்ககிட்ட இருந்தது மொத்தம் ஏழு பெட்டை. எல்லாம் ஒரே சமயத்துல விடைக்கோழியா, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டையா வந்தது. கருப்பி, செவலை, புள்ளி, சாம்பலி, குட்டச்சி, வெள்ளச்சி, கொண்டச்சி. பேர் எல்லாம் என் பொண்ணு வச்சது. பேர் வைக்கும்போதே அம்மா சொன்னாங்க, பேர் வச்ச கோழி சட்டிக்கு வராதுன்னு. அப்ப சிரிச்சுட்டு விட்டுட்டேன். முட்டைக் கணக்கு எழுத ஒரு நோட்டு போட்டோம், அட்டையில பாப்பா ஏழு கோழியும் வரைஞ்சு பேர் எழுதி வச்சிருந்தா. முதல் வருஷம் ஏழும் சேந்து 1,400க்கு மேல போட்டுச்சு, அதாவது ஒரு கோழிக்கு 200 மாதிரி. ரெண்டாவது வருஷம் 1,150 கிட்ட. மூணாவது வருஷம் 800. நாலாவது வருஷம் பாதி தாண்டியும் 200ஐ தொடல, சில நாள் கூண்டுக்குள்ள கைய விட்டா வெறும் வைக்கோல்தான். ஆனா தீவன மூட்டை மட்டும் எப்பவும் போல காலியாயிட்டே இருந்துச்சு. ஒரு கோழி ஒரு நாளைக்கு 100ல இருந்து 120 கிராம் வரைக்கும் தின்னும்னு வச்சுக்கங்க, வருஷத்துக்கு ஒண்ணுக்கு 40 கிலோ, ஏழுக்கு 280 கிலோ. வெளிய மேய விட்டா கொஞ்சம் குறையும், ஆனா கணக்கு கணக்குதான்.

இந்தக் கணக்க பாத்துதான் எனக்கு கோவம் வந்துச்சு. கோவத்துல பாத்தப்ப கண்ணுக்கு பட்டது சாம்பலி. கழுத்துல இறகு இல்ல, வால் இல்ல, கொண்டை சுருங்கி வெளிறிப் போய், பாக்கவே கிழவி மாதிரி இருந்தா. இதுக்கு மேல இது எங்க முட்டை போடப் போகுதுன்னு நினைச்சேன். அப்பறம் ஒரு மாசத்துல புது இறகு முளைச்சு பளபளன்னு ஆனதையும் பாத்தேன், ஆனா மனசுல போட்ட முடிவு போட்டதுதான், மாத்திக்கல. இதான் நான் பண்ண தப்பு. முடிவு எடுத்த நாளுக்கும் செஞ்ச நாளுக்கும் நடுவுல கோழி மாறிடுச்சு, நான் திரும்பப் பாக்கவே இல்ல.

இறகு உதிர்றது பத்தி தெரியாதவங்களுக்கு: வருஷத்துக்கு ஒரு தடவை கோழி பழைய இறக கழட்டிட்டு புதுசு போடும், பெரும்பாலும் பகல் நேரம் குறைய ஆரம்பிக்கிற மாசங்கள்ல. ரெண்டு மாசத்துல இருந்து மூணு மாசம் ஆகும், சில கோழிக்கு இன்னும் கூட இழுக்கும். இறகு முக்காவாசி புரதம், அத வளக்கறதுலயே உடம்புல இருக்கறது எல்லாம் போயிடும், அந்த நேரத்துல முட்டைய நிறுத்திடும். வயசாக வயசாக இந்த ஓய்வும் நீளும். முதல் வருஷம் சரியா தெரியவே தெரியாது, நாலாவது வருஷம் கோழி ஓய்வு பெற்ற மாதிரியே இருக்கும். இத தவிர பகல் வெளிச்சமே ஒரு காரணம், 14ல இருந்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைச்சாதான் முழு வேகத்துல முட்டை வரும். லைட்டு போட்டு நீட்டிக்கலாம்னு சொல்லுவாங்க, இளம் கோழிக்கு சரி, நாலு வயசு ஆனதப் போய் லைட்டு போட்டு எழுப்பி முட்டை வாங்கணுமான்னு எனக்கு தோணுச்சு, நான் பண்ணல.

இன்னொண்ணு, கோழிக்குள்ள முட்டை "தீந்து" போயிடுச்சுன்னு பேசுவாங்க பாருங்க, அது அப்படி இல்ல. குஞ்சா பொரிக்கும்போதே ஆயிரக்கணக்குல கரு உள்ள இருக்கும், வாழ்நாள் முழுக்க போட்டாலும் சில நூறுதான் வெளிய வரும். வயசானா என்ன ஆகுதுன்னா ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் நடுவுல இடைவெளி கூடிட்டே போகுது. மொதல்ல தெனமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் சீசனுக்கு பத்துப் பதினஞ்சு. முட்டை சைஸ் பெருசாகும், ஓடு மெலிசாகும். குழாய மூடின மாதிரி ஒரே நாள்ல நின்னா அது வயசு இல்ல, வேற ஏதோ. பயந்திருக்கும், தண்ணி கிடைச்சிருக்காது, தீவனம் மாத்தியிருப்பீங்க, பேன், உண்ணி, குடற்புழு, இல்ல அடைக்கு உக்காந்திருக்கும், இல்ல வேற எங்கயாவது புதர்ல போய் போட்டுட்டு வரும். முட்டைய எலியோ காக்காவோ பாம்போ எடுத்துட்டுப் போறதும் உண்டு, ஏன், கோழியே கொத்திக் குடிச்சிட்டு மூக்க துடைச்சிட்டு நிக்கறதும் உண்டு. எங்க வீட்டுல ஒரு தடவை வேலியோரம் குட்டச்சி ஒளிச்சு வச்ச 14 முட்டை கிடைச்சுது, அதுல பாதி கூமுட்டை. அந்த மாசம் பூரா நோட்டுல அவளுக்கும் சேத்துதான் பூஜ்யம் போட்டுட்டு இருந்தோம்.

சாம்பலிக்கு அப்புறம்தான் அம்மாகிட்ட போய் உக்காந்து கேட்டேன், எந்தக் கோழி முட்டைல இருக்கு எது இல்லன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்கன்னு. "ராத்திரி வா"ன்னாங்க. ராத்திரி ஏன்னா, இருட்டுல கோழி அப்படியே பொம்மை மாதிரி இருக்கும், தொரத்திப் புடிக்க வேண்டியதில்ல. ஒரு சின்ன டார்ச்ச வாயில கடிச்சுகிட்டு, கோழிய இடது கையிடுக்குல தலை பின்பக்கம் பாக்கற மாதிரி வச்சு, வலது கையால வாலுக்கு கீழ தடவிப் பாக்கணும். ரெண்டு பக்கமும் கூர்மையா ரெண்டு எலும்பு தட்டுப்படும், அதுக்கு நடுவுல விரல வச்சுப் பாக்கணும். ரெண்டு மூணு விரல் தாராளமா போனா முட்டை போட்டுட்டு இருக்கு. ஒரு விரலே இறுக்கமா இருந்தா நின்னுருச்சு, இல்ல ஓய்வுல இருக்கு. அடுத்தது அந்த எலும்புல இருந்து நெஞ்செலும்பு நுனி வரைக்கும், முட்டைல இருக்கற கோழிக்கு மூணு நாலு விரக்கடை இருக்கும், வயிறும் மெத்துமெத்துன்னு இருக்கும், நின்னதுக்கு ஒண்ணு ரெண்டுதான், இறுகிப் போயிருக்கும். முட்டை வர்ற வாயையும் பாக்கணும், அகலமா ஈரமா வெளுத்து இருந்தா வேலை நடக்குது, சின்னதா வட்டமா காஞ்சு சுருக்குப் பை மாதிரி இருந்தா இல்ல. கொண்டை செக்கச் செவேல்னு தடிமனா இருக்கா, சுருங்கி தோல் மாதிரி இருக்கான்னு அப்பறம் பாருங்க, ஏன்னா கொண்டைய மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். மஞ்சக் கால் உள்ள ஜாதியா இருந்தா இன்னொரு அடையாளம், முட்டை போடப் போட அந்த மஞ்சள் நிறம் வெளுத்துப் போகும், நின்னா திரும்ப ஏறும்.

அம்மா ஆறையும் தடவிப் பாத்துட்டு ஒவ்வொண்ணா சொன்னாங்க. கருப்பி முட்டைல இருக்கா. குட்டச்சி இருக்கா, ஆனா கம்மி. கொண்டச்சி, வெள்ளச்சி ரெண்டும் இல்ல. புள்ளிக்கு வயிறு சரியில்ல, அத தனியா பாக்கணும். செவலைக்கு கை வச்சதும் சிரிச்சுட்டாங்க, "இவளுக்கு ஒரு விரல் கூட போகல".

நான் நம்பல. ஏன்னா எங்க கூட்டத்துலயே நல்ல முட்டைக்கோழி செவலைதான்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டு இருந்தோம். தெனமும் காலைல பத்து மணிக்கு முட்டைப் பெட்டிக்கிட்ட நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கேறுவா. கருப்பியோ சத்தமே போடமாட்டா, எப்பப் பாத்தாலும் மண்ணக் கிளறிட்டு இருப்பா, இவதான் ஓசிச் சோறுன்னு சாம்பலிக்கு அடுத்து லிஸ்ட்ல வச்சிருந்தேன். சரின்னு ஒரு சோதனை பண்ணோம், இத நீங்களும் பண்ணலாம், செலவே இல்ல. சாப்பாட்டுல போடற கலர் பொடிய கொஞ்சம் எண்ணெய்ல குழைச்சு சாயங்காலம் முட்டை வர்ற வாய்ல லேசா தடவி விட்டோம், கருப்பிக்கு சிவப்பு, செவலைக்கு பச்சை. அடுத்த நாள் செவலை வழக்கம் போல ஊரைக் கூட்டினா. போய்ப் பாத்தா முட்டைல சிவப்புக் கோடு. அடுத்து வந்த ஒவ்வொரு முட்டைலயும் சிவப்பேதான், கடைசி முட்டைல லேசா ரோஸ் கலர்ல ஒரு கீத்து. பச்சை வரவே இல்ல. அம்மா கைக்கு தெரிஞ்சத எனக்கு கலர்ப் பொடி வந்து சொல்ல வேண்டியதா போச்சு. சாம்பலிக்கு அடுத்து யாரையும் கேக்காம கருப்பியையும் அறுத்திருந்தேன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

ஒரு தடவை தடவிப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, அதையும் சொல்லிடறேன். இறகு உதிர்ற காலத்துல பாத்தா எல்லா கோழியும் நின்ன மாதிரிதான் காட்டும். மூணு நாலு வாரம் விட்டு திரும்பப் பாருங்க, நாள் நீள ஆரம்பிச்சதும் ஒரு தடவை பாருங்க. அப்பவும் ஒரு விரல்தான்னா, அப்ப உக்காந்து பேசலாம்.

பேசறதுன்னா யார் யார்கூட? இதுதான் நிஜமாவே கஷ்டமான பகுதி. சாம்பலி விஷயத்துல நான் வீட்டுல யாரையும் கேக்கல. பாப்பா பள்ளிக்கூடம் போன நேரம் பாத்து அறுத்தேன், வந்து கேட்டா ஓடிப் போச்சுன்னு சொல்லிக்கலாம்னு. வந்தா, எண்ணிப் பாத்தா, என் மூஞ்சிய பாத்தா, ஒண்ணும் கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு நோட்ட எடுத்தா அட்டையில சாம்பலி படத்தச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கு. என் மனைவி அப்பதான் சொன்னா, "நீங்க அறுக்கறது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல, பொய் சொல்லத் தயாரா இருந்தீங்க பாத்தீங்களா, அதுதான் அவளுக்கு புரிஞ்சுருச்சு". அன்னைக்கு ராத்திரி நாலு பேரும் உக்காந்தோம். பாப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அடுத்தது யாருன்னு முன்னாடியே சொல்வீங்களா?" சொல்றேன்னேன். அதுக்கப்புறம் எல்லா முடிவும் அவளுக்கு தெரிஞ்சுதான் நடந்துச்சு. குழந்தைக்கு தெரியாம பண்றது நமக்குதான் வசதி, அவங்களுக்கு இல்ல.

சாம்பலிய வீணாக்க மனசு வரல, சமைச்சோம். அதுலயும் தப்பு பண்ணேன். அறுத்த ஒரு மணி நேரத்துலயே அடுப்புல ஏத்திட்டேன், இளம் கோழி வேகற நேரத்துல இறக்கிட்டேன், செருப்பு மாதிரி இருந்துச்சு. வயசான கோழி கறில தசைய கட்டி வச்சிருக்கற நார் வருஷம் ஆக ஆக முறுக்கேறி கெட்டியாயிடும், அது இளகணும்னா நேரம்தான் மருந்து. முந்தின நாள் ராத்திரியே தீவனத்த நிறுத்திட்டு தண்ணி மட்டும் குடுக்கணும், அப்பதான் குடல் காலியா இருக்கும், சுத்தம் பண்ண சுலபம். அறுத்து சுத்தம் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள், வைங்க. விறைப்பு விட்டு இளகும். அப்புறம் சின்ன தீயில மூணு நாலு மணி நேரம் கொதிக்காம தளதளன்னு வேகணும், இல்லன்னா குக்கர். அதோட சாறுல இருக்கற ருசி இளம் கோழில சத்தியமா வராது. ஆனா சமீபத்துல புழு மருந்தோ ஆன்டிபயாடிக்கோ குடுத்திருந்தா லேபிள்ல எத்தனை நாள் காத்திருக்கணும்னு போட்டிருக்கும், அது முடியாம அறுக்காதீங்க. நோயில இருக்கற கோழிய சாப்பிடவே கூடாது, வீணாகுதேன்னு பாக்கக் கூடாது. அறுக்கற விஷயத்துல என்னோட இன்னொரு அபிப்பிராயம், கை பழகாதவங்க தனியா முயற்சி பண்ணாதீங்க. தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னு ஒரு தடவை காட்டட்டும். கத்தி மொண்ணையா இருந்து கை நடுங்கினா அந்தக் கஷ்டம் கோழிக்குதான்.

வெள்ளச்சியையும் கொண்டச்சியையும் குடுத்துட்டோம். தெரிஞ்சவர் ஒருத்தர் தோட்டத்துல விடறேன், பூச்சி பொறுக்கட்டும்னு ஆசையா கேட்டாரு. நிறைய பேர் இந்த இடத்துலதான் சறுக்கறாங்க, முட்டை போடும்னு சொல்லி வயச மறைச்சு தள்ளி விட்டுடறாங்க. நான் நாலு வயசு, முட்டை கிடையாதுன்னு சொல்லிதான் குடுத்தேன். அப்படியும் ஒரு மாசம் கழிச்சு பாத்தப்ப கோழி எப்படி இருக்குன்னு கேட்டேன், "விருந்தாளி வந்துட்டாங்க" அப்டின்னு சிரிச்சாரு. எனக்கு ஒரு நிமிஷம் சுருக்குன்னுச்சு. ஆனா கோவப்பட என்ன இருக்கு, குடுத்தாச்சு, அவர் கோழி. பாப்பாகிட்ட அதையும் சொன்னேன், சொல்லிடறேன்னு வாக்கு குடுத்திருந்தேனே. குடுத்த கோழி சட்டிக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சா குடுக்கும்போதே வாய்விட்டு கேக்கணும், கேட்டும் நம்பிக்கை வரலைன்னா குடுக்கக் கூடாது. இன்னும் சிலர் எங்கயாவது காட்டுப் பக்கம் விட்டுட்டா பொழச்சுக்கும்னு சொல்றாங்க. பொழைக்காது. கூண்டுல வளந்த கோழிக்கு ராத்திரி எங்க ஏறணும்னு கூட தெரியாது, முதல் ராத்திரியே நாயோ நரியோ கிழிச்சுப் போட்டுடும். அதுக்கு அறுக்கறதே கருணை.

புள்ளி கதை வேற. அவளுக்கு வயிறு பெருசாயிட்டே போச்சு, நடக்கும்போது நெஞ்ச நிமித்தி பின்பக்கத்த கீழ விட்டு பெங்குவின் மாதிரி நடந்தா. தொட்டா தண்ணிப் பை. முட்டை சுமக்கறான்னு நாங்க ஒரு வாரம் வேற சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம். கால்நடை மருத்துவர் பாத்துட்டு முட்டைப் பையில வந்த கோளாறு, வயித்துல நீர் சேந்திருக்குன்னாரு. நிறைய முட்டை போடுற மாதிரி உருவாக்கின ஜாதிகள்ல ரெண்டு மூணு வயசுக்கு மேல இது சகஜம். கரு வழி தவறி வயித்துக்குள்ள விழுந்து சீழ் வைக்கறது, குழாய்ல முட்டை சிக்கிக்கறது, கட்டி, இப்படி. கோழிக்கு சினைப்பைல புத்துநோய் தானாவே அவ்வளவு அதிகமா வரும், மனுசங்களோட அந்த நோய ஆராயறவங்களே கோழிய வச்சுதான் நிறைய படிக்கறாங்க. ஊசில நீர எடுத்து விட்டாரு, ரெண்டு வாரம் நல்லா இருந்தா, திரும்ப நிறைஞ்சுது. மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் இன்னொரு தடவை எடுக்க வேணாம்னு முடிவு பண்ணோம். ஊசி போட்டு தூங்க வச்சாரு. பாப்பா கூட வந்தா. அந்த ஊசி போட்ட உடம்ப நாயோ பூனையோ தோண்டித் தின்னா அதுக்கும் ஆபத்து, அதனால ஆழமா குழி தோண்டி மேல கல்லு வச்சு மூடினோம். கோழி முட்டை நிறுத்தினதும் வயசாயிடுச்சுன்னு விட்டுடாம வயித்த ஒரு தடவை தொட்டுப் பாருங்க. நாங்க ஒரு மாசம் முன்னாடி தொட்டிருந்தா பொழைக்க வச்சிருக்க முடியாது, ஆனா அந்த ஒரு மாசக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

ஆக மிச்சம் மூணு. கருப்பி, குட்டச்சி, செவலை. இது மூணையும் சாகற வரைக்கும் வச்சுக்கறதுன்னு முடிவாச்சு. குட்டச்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை அடைக்கு உக்காருவா, அதுக்கு அவ வேணும். 21 நாள், தீனி தண்ணிக்கு கொஞ்ச நேரம் எழுந்திருக்கறத தவிர, உக்காந்தே பொரிக்க வச்சு, அப்புறம் குஞ்சுகள இறக்கைக்குள்ள வச்சு வளக்கற அந்த வேலைய எந்த மெஷினும் அப்படிப் பண்ணாது. தன் முட்டைதான்னு இல்ல, யார் முட்டைய வச்சாலும் அடை காப்பா. வயசான கோழியால ஒண்ணும் பிரயோஜனம் இல்லன்னு சொல்றவங்க அடைக்கோழி வளத்துப் பாத்ததில்ல.

வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணா தீவனத்த மாத்தணும், இது எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்ச விஷயம். முட்டைக் கோழிக்கான லேயர் தீவனத்துல சுண்ணாம்புச் சத்து 3.5ல இருந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், ஏன்னா ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகுது. முட்டையே போடாத கோழிக்கு அத்தனையும் எங்க போகும்? சிறுநீரகம்தான் அத வெளிய தள்ளணும். மாசக்கணக்குல இப்படியே போனா அது பழுதாயிடும். இப்ப நாங்க வளரும் கோழிக்கான தீவனம், சுண்ணாம்பு 1 சதவீதம் மாதிரி இருக்கறது, அத எல்லாத்துக்கும் பொதுவா போடறோம். தனியா ஒரு கிண்ணத்துல கிளிஞ்சல் தூள். முட்டை போடுறவ தானே போய் கொத்திக்கறா, மத்தது சீண்டறதில்ல. கருப்பி மட்டும்தான் அந்தக் கிண்ணத்துகிட்ட போவா, செவலை எட்டிக் கூட பாக்கமாட்டா. இத மொதல்லயே வச்சிருந்தா கலர்ப் பொடி கூட வேண்டியிருந்திருக்காது.

கூண்டுலயும் சில மாத்தம். ராத்திரி உக்காரற கட்டைய ஒரு அடி உயரத்துக்கு இறக்கிட்டேன். மேல இருந்து குதிச்சு குதிச்சுதான் உள்ளங்கால் புண்ணாகுது, கருப்பா பொருக்கு கட்டி வீங்கினா அது சீழ், விட்டா எலும்பு வரைக்கும் போகும். வைக்கோல் கனமா போடறேன். மேயறது குறைஞ்சதால நகம் தேயாம வளருது, மாசத்துக்கு ஒரு தடவை வெட்டி விடறேன். கிழக் கோழிக்கு இறக கோதி விட்டுக்கற சுறுசுறுப்பு குறையும், அதனால பேன் சீக்கிரம் ஏறும், வால் அடில இறக விலக்கிப் பாத்தா தெரிஞ்சிடும். சாம்பல் கலந்த மண்ணுல ஒரு குளியல் குழி போட்டு விட்டிருக்கேன், நாள் பூரா அதுலதான் கிடக்குதுங்க. சேவல் வச்சிருக்கவங்க கிழவிகள அதுகிட்ட இருந்து பிரிச்சிடுங்க, முதுகுத் தோல் கிழிஞ்சிடும்.

போன வருஷம் நாலு புது விடைக்கோழி வந்துச்சு. எடுத்ததும் உள்ள விடாம ஒரு மாசம் தனியா, கொஞ்சம் தூரத்துல வச்சோம், நோய் எதுவும் வந்துடக் கூடாதுன்னு. அப்புறம் நடுவுல கம்பி வலை கட்டி பத்து நாள் ஒண்ண ஒண்ணு பாத்துக்கட்டும்னு விட்டு, அதுக்கு மேலதான் ராத்திரில கொண்டுபோய் கட்டைல உக்கார வச்சோம். அப்படியும் ஒரு வாரம் சண்டை. செவலைக்கு வயசானாலும் அதிகாரம் குறையல, ஆனா ஒரு தடவை புதுசுங்க ரெண்டு சேந்து அவள மூலைல தள்ளி கொத்தினப்ப தீவனத் தட்டும் தண்ணியும் ரெண்டு இடத்துல வச்சேன், அடங்கிடுச்சு. இடம் நெருக்கடியா இருந்தா கிழக் கோழிங்கதான் முதல்ல பட்டினி கிடக்கும். கூண்டுக்குள்ள கோழிக்கு 4 சதுர அடி இருக்கான்னு பாத்துட்டுதான் புதுசு வாங்கவே செய்யணும், இடமில்லாம வாங்கினா அப்புறம் யார அனுப்பறதுன்னு அவசர முடிவு வரும், அவசர முடிவுன்னா என்னன்னு நான் மேல எழுதிட்டேன்.

புதுசு நாலுக்கும் கால்ல நீல வளையம் போட்டிருக்கோம், பழசுக்கு மஞ்சள். அடுத்த தடவை வர்றதுக்கு வேற கலர். எந்த வருஷத்துக் கோழின்னு அப்ப குழப்பம் இல்ல. இவங்களுக்கு முட்டை நின்னா என்னன்னும் இப்பவே பேசியாச்சு. ரெண்டு தடவை, ஒரு மாசம் இடைவெளி விட்டு, ராத்திரில அம்மா தடவிப் பாக்கணும், நாள் நீளும்போது இன்னொரு தடவை. அப்புறமும் இல்லன்னா அறுக்கறது, அடைக்கு உக்காரறத மட்டும் வச்சுக்கறது. கிழவிங்க மூணு பேரு, அதுக்கு மேல சும்மா வச்சு சோறு போட எங்க இடம் தாங்காது. பாப்பாவே ஒத்துகிட்டா. நாலுக்கும் பேர் வைக்கல, அவளாத்தான் வேணாம்னுட்டா. ஆனா நீல வளையத்துல ஒண்ண மட்டும் தனியா ஏதோ கூப்பிட்டு பேசிட்டு இருக்கா, கேட்டா ஒண்ணுமில்லங்கறா.

முட்டைப் பெட்டில இப்ப தெனமும் மூணு நாலு கிடைக்குது. காலைல பத்து மணியானா செவலை பெட்டிகிட்ட வந்து நின்னு, யார் போட்டதுக்கோ கழுத்த நீட்டி கேறிட்டு இருக்கா.